மறதி நோய்: நம் வீட்டுப் பெரியவர்களைக் கவனிக்கிறோமா?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சகோதரர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். "ஹஜ்ரத், எங்க அத்தா ஜமாஅத்தோட அஸர் தொழுதுட்டு வீட்டுக்கு வர்றாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் ஒளு செஞ்சு அஸர் தொழுறாரு. தொழுதாச்சேத்தான்னு சொன்னா இல்லைங்கிறாரு. இது கூடுமா?" என்று கேட்டார். தொழுதோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தொழவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தைச் சொன்னேன். "தொழட்டும், தடுக்காதீர்கள்" என்று அனுப்பி வைத்தேன்.

சட்டம் சரிதான். ஆனால் எத்தனை நாளாக இப்படி, வேறு எதையெல்லாம் மறக்கிறார், டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், சுபுஹு பாங்குக்கு முன்பே அந்தப் பெரியவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில், துறைமுகச் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் "குப்பம் எங்கப்பா? ஏலம் முடிஞ்சிருக்குமே" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது வருடம் அந்தக் கரையில் மீன் எடுத்து விற்றவர் அவர். அவர் தேடிய குப்பம் இப்போது அங்கே இல்லை. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் வேறு இடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர் மனதில் மட்டும் குப்பம் பழைய இடத்திலேயே இருந்தது. கடலுக்குப் போகக் கிளம்பிய இரண்டு மீனவர்கள்தான் "நம்ம பாய் ஆச்சே" என்று அடையாளம் கண்டு, உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மகனுக்கு போன் செய்தார்கள். அந்தப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். இருட்டில் தடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

சென்னைக்கு அழைத்துப்போய்க் காட்டியபோது டிமென்ஷியா என்றார்கள். தொடங்கி இரண்டு மூன்று வருடமாவது இருக்கும் என்றும் சொன்னார்கள். அதாவது மகன் என்னிடம் மஸ்அலா கேட்ட நாளில் நோய் நன்றாகவே பிடித்திருந்தது. அவரும் நானும் அதை ஒரு தொழுகைப் பிரச்சினையாகப் பார்த்தோம். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

வயதா, நோயா?

கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பது. தெரிந்தவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல், ராத்திரி படுத்த பிறகு வருவதும் அப்படியே. வயது கூடக்கூட மூளையின் வேகம் குறையும். ஆனால் கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் போவது, ஐம்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஏழு முறை கேட்பது, பழகிய சமையலில் அடுத்து என்ன போடுவது என்று திகைப்பது எல்லாம் வேறு வகை. அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த முடியாத அளவுக்கு நினைவும் யோசனையும் தேய்வதைத்தான் டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய், முதுமை மறதி என்று எழுதுகிறார்கள். மறதி மட்டும் இதில் இல்லை. குணம் மாறும். சாந்தமான மனிதர் சந்தேகப்பிராணி ஆவார். "என் பணத்தை மருமகள் எடுத்துட்டா" என்று பழி சொல்வார். சாயங்காலம் ஆனால் பதற்றம் கூடும்.

டிமென்ஷியா என்பது பல நோய்களுக்கான பொதுப்பெயர். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், ஐம்பது வயதையொட்டி நினைவிழக்கத் தொடங்கிய ஒரு பெண்ணின் மூளையை அவர் இறந்த பிறகு ஆராய்ந்து, அதில் படிந்திருந்த கழிவுகளையும் முறுக்கிக்கொண்ட நரம்பிழைகளையும் விவரித்தார். அடுத்து அதிகம் வருவது ரத்தக்குழாய்க் கோளாறினால் வருவது. கட்டுப்படாத ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் மெல்லிய குழாய்களை அடைக்க, சிறிய சிறிய பக்கவாதங்களாக அது வளரும். இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் நிறைய.

எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும், வழுக்கி விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும், தூக்க மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் இதே அடையாளங்கள் தெரியலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். சிறுநீர்த் தொற்று வந்து இரண்டே நாளில் ஒரு பெரியவர் தலைகால் புரியாமல் பேசுவதும் உண்டு. தொற்றுக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். இவற்றையெல்லாம் பார்க்காமல் "வயசாச்சு" என்று விட்டுவிடுவதும், ஜின் பிடித்தது, செய்வினை என்று தாயத்துக்கு ஓடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். நானும் அந்தக் காலத்தில் சில பாட்டிமார்களுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தவன்தான். ஓதிக் கொடுப்பது தவறில்லை. அதோடு ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

ஏன் நமக்குத் தெரிவதில்லை?

இந்த நோயின் ஆராய்ச்சிக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1990களில் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் திருப்போரூர் பகுதி கிராமங்களில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பரிசோதித்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 1997இல் வெளியிட்டார்கள். கிராமத்தில் இந்த நோய் கிடையாது, அது பட்டணத்து நோய், வெள்ளைக்காரன் நோய் என்று நம்பியிருந்த காலம் அது. அடுத்த வருடம், 1998இல், கொச்சியில் நடந்த மாநாட்டில் 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு உருவானது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதைக் குறிக்கும் பெயர் அது. அந்தக் குழு சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் ஆய்வு நடத்தியது.

அதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மேலை நாட்டு அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தால் நம் பக்கம் நோயாளிகளே மிகக் குறைவாகத் தெரிந்தார்கள். நேரடியாக நினைவைச் சோதித்தால் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. காரணம், அந்த அளவுகோல் குடும்பத்தாரின் பதிலையும் நம்பியிருந்தது. "உங்கள் தந்தைக்கு அன்றாட வேலைகளில் சிரமம் உண்டா?" என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் "இல்லை" என்பார்கள். ஏனென்றால் அன்றாட வேலை எதையும் அவரிடம் விட்டிருக்கவே மாட்டோம். காசு எண்ணுவது மகன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள். பஸ்ஸில் ஏற்றிவிடுவது பேரன். மரியாதையால் செய்வதுதான், ஆனால் அந்த மரியாதைக்குப் பின்னால் நோய் பத்திரமாக ஒளிந்துகொள்கிறது. சென்னையில் அப்படிக் கண்டறியப்பட்டவர்களை மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது பலர் இறந்திருந்தார்கள், இருந்தவர்களில் பெரும்பாலோர் மேலும் மோசமாகியிருந்தார்கள். நோய் அசலானதுதான் என்பது அப்போது உறுதியானது.

நம் வீடுகளில் இன்னொரு திரையும் உண்டு. இதை வேறு யாரும் எழுதிப் பார்க்காததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத ஒரு நன்னிமா, யாஸீன் ஸூராவை முதலிலிருந்து கடைசி வரை தடங்கல் இல்லாமல் ஓதுவார். பிள்ளைகள் அதைக் கேட்டு, "அம்மாவுக்கு மூளை எங்களைவிட நல்லா வேலை செய்யுது" என்பார்கள். அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய செய்திகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. ஆறு வயதில் ஓதிப் பழகி, அறுபது வருடம் நாவில் உருண்டது அந்தப் பகுதியை நம்பி இருப்பதில்லை. கை பழகிய தொழிலும் அப்படியே. பழவேற்காட்டில் நம் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைவது ஊரறிந்த விஷயம். அந்தக் கை, எதிரில் இருக்கும் மகளின் பெயர் மறந்த பிறகும் ஓலையைச் சரியாக மடிக்கும். ஏரி மீனவர்களிடம் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை போடும் முறை என்பதை ஊரே மனக்கணக்கில் வைத்திருக்கும். வலை பின்னும் கை தடுமாறும் முன்பே "இன்னைக்கு யார் பாடு?" என்ற கணக்கு தடுமாறிவிடும். எனவே பெரியவர் நன்றாக ஓதுகிறாரா என்று பார்க்காதீர்கள். இன்று என்ன கிழமை, காலையில் யார் வந்து போனார், வெள்ளிக்கிழமை பயானில் என்ன சொன்னார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்.

உம்ராவுக்குப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் புறப்படும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. பழகிய வீட்டில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தவர், புது ஊரிலும் ஹோட்டல் அறையிலும் அந்தக் கூட்டத்திலும் முழுக்கத் தடுமாறிப்போவார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

குர்ஆன் இந்த நிலையை மறைக்கவில்லை. 16ஆம் அத்தியாயம் 70ஆம் வசனத்திலும், 22ஆம் அத்தியாயம் 5ஆம் வசனத்திலும், அறிந்திருந்த பிறகு எதையும் அறியாதவராகும் தள்ளாத வயதுக்கு மனிதர்களில் சிலர் கொண்டு செல்லப்படுவதை அல்லாஹ் குறிப்பிடுகிறான். அர்தலுல் உமுர் என்பது அதன் பெயர். அந்த நிலையை விட்டு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் காண்கிறோம். "சிலர்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வயதான எல்லோருக்கும் இது வருவதில்லை. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை நாடு முழுவதும் ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு இல்லை என்று பொருள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்ற ஹதீஸை எடுத்துக்கொண்டு "இதுக்கு வைத்தியம் எதுக்கு?" என்று சொல்பவர்கள், முதுமையையும் முதுமையில் வரும் நோயையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். குர்ஆன் ஓதுபவர் அர்தலுல் உமுருக்குத் தள்ளப்பட மாட்டார் என்று இமாம் இக்ரிமா (ரஹ்) சொன்னதாகத் தஃப்ஸீர்களில் வருகிறது. மேடையில் நாங்கள் அதை ஆர்வமூட்டச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில், நினைவிழந்த ஒரு ஹாஃபிழின் மகனும் இருப்பார். அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். தன் தகப்பனார் ஓதியதில் என்ன குறை என்று வீட்டுக்குப் போய் மனம் புழுங்குவார். அந்தக் கூற்று குர்ஆனின் சிறப்பைச் சொல்வது. ஒரு முஃமினின் ஓதலை அளக்க அது தராசு அல்ல. அய்யூப் (அலை) அவர்களையே நோயால் சோதித்தவன் அல்லாஹ்.

சட்டத்துக்கு வருவோம். அறிவு முழுக்க நீங்கிவிட்டால் தொழுகையும் நோன்பும் கடமையில்லை. தூங்குபவர், சிறுவர், சித்தம் இழந்தவர் ஆகிய மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக ஹதீஸ் உள்ளது. விடுபட்டவற்றுக்காகக் குடும்பம் கவலைப்பட வேண்டியதில்லை. தெளிவாக இருக்கும் நேரம், தெளிவில்லாத நேரம் என்று மாறி மாறி வந்தால், தெளிவான நேரத்துத் தொழுகை கடமை. பக்கத்தில் ஒருவர் நின்று "இப்ப ருகூஉ, இப்ப ஸுஜூது" என்று நினைவூட்டித் தொழ வைக்கலாம். ஸகாத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் கடற்கரை ஊர்களில் அதிகம் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில், அறிவு நீங்கியவரின் பொருளுக்கும் ஸகாத் உண்டு, அவருடைய பொறுப்பாளர் கொடுக்க வேண்டும். ஹனஃபியில் இல்லை.

சொத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தான் கையெழுத்துப் போடுவது எதற்கு என்று தெரியாதவரிடம் வாங்கிய ஹிபாவும் விற்பனையும் ஷரீஅத்தில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த மனம் வேண்டும் என்றே சொல்கிறது. பெரியவரை ஆட்டோவில் ஏற்றிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வாங்கி, பிறகு என்னிடம் வந்து பங்குப் பிரிவினை கேட்பவர்களுக்கு நான் தரும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. நோய் தொடக்கத்தில் இருக்கும்போதே, அவரே தெளிவாகப் பேசும் நாட்களில், கடன்கள், அமானிதங்கள், வஸிய்யத் ஆகியவற்றைச் சாட்சிகளோடு எழுதி வைத்துவிடுவது அவருக்கும் நல்லது, பிள்ளைகளின் ஒற்றுமைக்கும் நல்லது.

வராமல் தடுக்க முடியுமா?

முழுவதுமாக முடியாது. குறைக்க முடியும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்லி, அவை அனைத்தையும் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. பட்டியலை அப்படியே எழுதாமல், பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கத்து வாழ்க்கையை வைத்தே பார்க்கலாம்.

முதலில் காது. டீசல் எஞ்சின் படகில் இருபது முப்பது வருடம் போனவர்களிடம் பேசிப் பாருங்கள். நாம் சொல்வது பாதிதான் அவர்களுக்குக் கேட்கும். காது மந்தமானவர் முதலில் பேச்சைக் குறைப்பார். பிறகு கூட்டத்தைத் தவிர்ப்பார். பள்ளிவாசலில் பயான் கேட்காததால் கடைசி நேரத்தில் வந்து முதலில் எழுந்து போவார். மூளைக்கு வர வேண்டிய தீனி நின்றுபோகிறது. நடு வயதில் தொடங்கும் காது மந்தம், டிமென்ஷியாவுக்கான மிகப் பெரிய காரணங்களில் ஒன்று என்று அந்தக் குழு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரிடம் காது கருவி கொடுத்துச் செய்த சோதனை 2023இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று ஆண்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் நினைவுத் தேய்மானத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கண்ணாடி போடக் கூச்சப்படாத நம் மக்கள் காதுக் கருவிக்குக் கூச்சப்படுகிறார்கள். கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்புரையை அறுவை செய்யாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும். கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய், அதோடு கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் பிரியாணி என்றால் நாற்பது வயதில் ரத்த அழுத்தம் ஏறாமல் இருந்தால்தான் அதிசயம். மூளையில் மாற்றங்கள் தொடங்குவது மறதி தெரிவதற்கு பதினைந்து இருபது வருடம் முன்பே. அதனால் அத்தாவுக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்கும் நாற்பத்தைந்து வயது மகனிடம், "நீங்கள் பிரஷர் பார்த்து எவ்வளவு நாள் ஆச்சு?" என்று இப்போது கேட்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். "தலைசுற்றல் நின்னுடுச்சு" என்று பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நம் பிரச்சினை.

பீடி, சிகரெட், மது மூன்றும் பட்டியலில் உள்ளன. மதுவைப் பற்றி முஸ்லிம் வாசகரிடம் விளக்கத் தேவையில்லை. புகையைப் பற்றித்தான் நாம் மௌனமாக இருக்கிறோம். காற்று மாசும் ஒரு காரணம் என்று அந்தக் குழு சேர்த்திருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள் புகை விட, மொட்டை மாடியில் காயும் துணியில் சாம்பல் படியும் பகுதி இது. தனி மனிதர் மாத்திரை போட்டுத் தீர்க்கும் விஷயம் அல்ல அது. ஜமாஅத்தும் மீனவப் பஞ்சாயத்தும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம்.

படிப்பு குறைவாக இருப்பதும் ஒரு காரணம். முன்பு சொன்ன 2023ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் நோய் அதிகம். ஐந்தாம் வகுப்போடு பெண் பிள்ளைகளை நிறுத்திய காலத்தின் விலையை அந்தப் பெண்கள் எழுபது வயதில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரம், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் நம்பிக்கை தரும் ஒரு செய்தி ஹைதராபாத்திலிருந்து வந்தது. அங்குள்ள நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டும் அதற்கு மேலும் மொழி பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் இதை அப்படியே உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்றாலும் தமிழ், உருது, கொஞ்சம் தெலுங்கு என்று மூன்று மொழியில் மீன் விலை பேசும் பழவேற்காட்டுக்காரர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும். பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து ஐம்பது வயதில் தஜ்வீதைத் திருத்திக்கொள்வதும், பொருள் புரிந்து ஓதப் பழகுவதும் மூளைக்குப் புது வேலைதான். ஏற்கெனவே மனப்பாடமானதையே ஓதிக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகக் கற்பது வேறு.

நடை, உடலுழைப்பு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தனிமையைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகள் வளைகுடாவில். வீட்டில் வீடியோ கால் பேச ஒரு செல்போன். அப்படி எத்தனை வீடுகள்! ஐவேளை ஜமாஅத்துக்கு நடந்து வரும் பெரியவருக்கு நடையும் கிடைக்கிறது, நாலு பேர் முகமும் கிடைக்கிறது. நம் பெண்களுக்கு அது இல்லை. முன்பெல்லாம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஓலை முடைந்தார்கள். இப்போது ஆளுக்கொரு டிவி.

கருஞ்சீரகம், வல்லாரை பற்றிக் கேட்பீர்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் இருக்கிறது, சாப்பிடுங்கள். வல்லாரைக் கீரையும் நல்ல உணவு. ஆனால் இவை டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் செய்த சோதனைகளில் உறுதியாக நிரூபணமாகவில்லை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பிரஷர் மாத்திரையை விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஞாபக சக்திக்கு என்று ஆயிரக்கணக்கில் விற்கும் பவுடர்களுக்கு அந்த அளவு மதிப்பும் இல்லை.

வந்துவிட்டால்?

இன்று இருக்கும் மாத்திரைகள் நோயைக் குணமாக்காது. சிலருக்குச் சில காலம் நினைவையும் நடத்தையையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் முதலில் சொன்னபடி, குணமாக்கக்கூடிய வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அரசுப் பொது மருத்துவமனை நரம்பியல் பிரிவிலும், கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் காட்டலாம். ஸ்கார்ஃப் நிறுவனமும் டிமென்ஷியா குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. முதியோர் உதவி எண் 14567.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலாவது, வாதாடாமல் இருப்பது. "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று ஏழாவது முறை சொல்வதால் அவர் நினைவு திரும்பப் போவதில்லை. அவருடைய கோபம்தான் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று தன் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் கேட்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய வீட்டை. சட்டைப்பையில் பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டை வையுங்கள். மீனவக் குப்பங்களிலும் ஏரிக்கரையிலும் இருப்பவர்கள் வாசலுக்கு ஒரு மணி கட்டிவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் டீக்கடையிலும் படகுத்துறையிலும் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அவர் காணாமல் போகும் நாளில் தேட ஆள் இருக்காது. ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒன்று: செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற, ஸஃப்பில் தடுமாறுகிற பெரியவரைக் கண்டு சிரிக்கும் வாலிபர்களைக் கண்டியுங்கள். அவருடைய வீட்டாரிடம் தனியாக, பக்குவமாகப் பேசுங்கள். பல நேரம் வீட்டுக்கு முன்னால் பள்ளிவாசலுக்குத்தான் தெரிகிறது.

17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம் பெற்றோரை நோக்கிச் சலிப்பின் சிறு சொல்லைக்கூடத் தடுக்கிறது. அந்த வசனத்தை மகன்களுக்கு ஓதிக் காட்டும் நாம், உண்மையில் இரவு பகலாக மலஜலம் அள்ளுவது யார் என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் மருமகள். சட்டப்படி அது அவள் கடமையே அல்ல. அவள் செய்வது இஹ்ஸான். வாரத்தில் ஒரு நாளாவது அவளை விடுவித்துவிட்டு மகனோ மகளோ உட்கார வேண்டும். துபாயில் இருப்பவர், அந்த ஒரு நாளுக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்ப வேண்டும். தூக்கமில்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு, "பணத்தைத் திருடினாய்" என்ற பழியையும் சுமந்து நிற்கும் பெண்ணிடம் போய்ப் பொறுமையைப் பற்றி பயான் செய்வதற்கு எனக்கு இப்போதெல்லாம் நா எழுவதில்லை.

அந்தப் பெரியவர் இன்னும் பள்ளிவாசலுக்கு வருகிறார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். முதல் ஸஃப்பின் ஓரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். வீட்டுக்குப் போய் அஸரை மறுபடி தொழுவது நிற்கவில்லை, நாங்கள் யாரும் தடுப்பதும் இல்லை. காட்டுப்பள்ளி மீனவர் ஒருவர் பழவேற்காடு வரும்போதெல்லாம் அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார். பெயர் சொன்னால் பெரியவருக்குத் தெரிவதில்லை. "பாய், இன்னைக்கு வஞ்சிரம் என்ன விலை?" என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்து பேரம் பேச ஆரம்பித்துவிடுகிறார்.